கேசினோ ராயல்: எந்தப் பதிப்பை வாங்குவது?

தங்கை மகன் போன மாதம் வீட்டுக்கு வந்தபோது போனை நீட்டினான். திரையில் வரிசையாக ஆறு அட்டைகள். எல்லாவற்றிலும் ஒரே பெயர், கேசினோ ராயல். விலை மட்டும் சில நூறு ரூபாயில் தொடங்கி எங்கேயோ போய் நின்றது. 2006-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் படிக்க ஆசைப்பட்டிருக்கிறான். "ஒரே கதைதானே மாமா, இதுல எதை வாங்குறது?" என்றான்.

எதையாவது வாங்கு என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். எழுபது வருஷமாக இந்த நாவலின் உள்ளே பெரிதாக எதுவும் மாறவில்லை. மாறியதெல்லாம் வெளியே: அட்டை, விலை, தலைப்பு, ஒரு தடவை கதாநாயகனின் பெயரேகூட. ஆனால் பழைய புத்தகப் பித்துப் பிடித்தவனிடம் இப்படிக் கேட்டால் சும்மா விடுவானா? காபி ஆறும்வரை பேசினேன். அவனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

அவன் விரல் முதலில் போனது 1953-ன் முதல் பதிப்பின் மேல். ஆசை யாரை விட்டது.

அந்தப் பதிப்பு வந்த கதை ருசியானது. இதை எழுதிய இயன் ஃப்ளெமிங் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவில் இருந்தவர். போருக்குப் பிறகு சண்டே டைம்ஸை நடத்திய பத்திரிகைக் குழுமத்தில் வெளிநாட்டு நிருபர்களை மேய்க்கும் வேலை. வருஷத்துக்குச் சில மாதம் விடுப்பு என்று பேசிவைத்துக்கொண்டு, ஜமைக்காவில் கோல்டன்ஐ என்று பெயர் வைத்த தன் வீட்டுக்குப் போய்விடுவார். 1952-ன் தொடக்கத்தில் அங்கே உட்கார்ந்துதான் இதைத் தட்டச்சு செய்தார். அதே மார்ச்சில் அவருக்குக் கல்யாணம். கல்யாணப் பதற்றத்தை மறக்க நாவல் எழுதினேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார். கதாநாயகனின் பெயரை மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஒரு பறவையியலாளரிடமிருந்து எடுத்துக்கொண்டார். சாதாரணமான, சப்பென்ற ஒரு பெயர் வேண்டும் என்று தேடினாராம். அந்தச் சப்பென்ற பெயர்தான் ஜேம்ஸ் பாண்ட்!

எழுதியதை யாரிடமும் காட்டக் கூச்சம். வில்லியம் ப்ளூமர் என்ற கவிஞர் அவருடைய நண்பர். ஜொனாதன் கேப் பதிப்பகத்துக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்பவரும் அவர்தான். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது ஃப்ளெமிங் அவரிடம், ஒரு பெண் உள்ளே இழுத்த சிகரெட் புகையை எப்படி வெளியே கொண்டுவருவது என்று கேட்டிருக்கிறார். 'வெளியே ஊதினாள்' என்று எழுதினால் நன்றாக இல்லை, வேறு சொல் வேண்டும் என்பது அவர் கவலை. ஆசாமி நாவல் எழுதிவிட்டார் என்று ப்ளூமருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. கேட்டு வாங்கிப் படித்தார், பிடித்திருந்தது. பதிப்பக முதலாளி கேப்புக்கு மட்டும் அவ்வளவாக மனசில்லை. ஃப்ளெமிங்கின் அண்ணன் பீட்டர் அப்போது பெயர்பெற்ற பயண எழுத்தாளர், அதே பதிப்பகத்தின் செல்லப்பிள்ளை. அவருடைய சிபாரிசும் சேர்ந்துதான் புத்தகம் அச்சேறியது.

1953 ஏப்ரல் 13-ல் வெளியானது. விலை பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ். முதல் அச்சில் கட்டிய பிரதிகள் 4,728. ஒரு மாதத்துக்குள் தீர்ந்துபோயின. அடுத்த அச்சும் உடனே போனது. மேலுறையை வடிவமைத்தது ஃப்ளெமிங்கேதான். சீட்டுக்கட்டின் ஆட்டின், அதாவது இதயச் சின்னங்களை வைத்துச் செய்தது. காதலின் முணுமுணுப்பு, வெறுப்பின் முணுமுணுப்பு என்று பொருள்படும் ஒரு வரி அதில் வரும். நாவலின் உச்சகட்டத்தில் பாண்டின் கைக்கு வரும் ஆட்டின் ஒன்பதுக்குக் குறி சொல்பவர்கள் தரும் விளக்கம் அது. உறையைக் கழற்றினால் கறுப்புத் துணிக் கட்டு, அதன்மேல் சிவப்பில் ஒரு இதயம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நாலடி தள்ளி நின்றாலும் அந்தச் சிவப்பு கண்ணை இழுக்கும்.

இதை வாங்குவதா? மேலுறையோடு நல்ல நிலையில் இருக்கும் பிரதி பல பத்தாயிரம் பவுண்டு. உறை இல்லாவிட்டால் விலை தடாலென்று விழும். அதாவது பணத்தில் பெரும்பங்கு புத்தகத்துக்கு இல்லை, அதைச் சுற்றியிருக்கும் ஒரு தாளுக்கு. அந்தத் தாளிலும் பேதம் உண்டு. முன் மடிப்பில் சண்டே டைம்ஸ் விமர்சன வரிகள் இல்லாதது முதலில் வந்த உறை. விமர்சனம் வந்த பிறகு அடித்த உறையில் அந்த வரிகள் இருக்கும். சேகரிப்பாளர்கள் முதல் வகையைத்தான் துரத்துவார்கள். புத்தகத்தைப் புகழும் வரிகள் இல்லாததற்குக் கூடுதல் விலை தருகிற கூட்டம் வேறெங்கும் கிடையாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அசலைப் பார்த்து அப்படியே நகலெடுத்த உறைகள் சந்தையில் நிறைய உலவுகின்றன. நகல் என்று சொல்லியே விற்பவர்கள் நாணயமானவர்கள். கை மாறும்போதுதான் அந்தச் சொல் காணாமல் போகிறது. உறையைத் திருப்பி உள்பக்கத்தைப் பாருங்கள். எழுபது வருஷத் தாளின் மறுபக்கம் பளீரென்று வெள்ளையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மடிப்புகளில் தாள் நார் தெரியத் தேய்ந்திருக்க வேண்டும். அச்சு விவரப் பக்கத்தில் முதல் பதிப்பு 1953 என்பதற்குக் கீழே இரண்டாம், மூன்றாம் அச்சு என்று எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் அது பின்னால் வந்த அச்சு. கள்ளம் ஒன்றுமில்லை, விலைதான் வேறு. உண்மையில், அந்தக் காலத்துக் கெட்டி அட்டையைக் கையில் வைத்துப் பார்க்கும் ஆசை இருப்பவருக்கு 1954 மே மாதத்தின் மூன்றாம் அச்சு மோசமில்லை. அதுவும் சல்லிசு என்று நினைத்துவிடாதீர்கள்.

"நமக்கு ஆகாது மாமா," என்று அவனே அடுத்ததுக்குத் தாவினான். அடுத்தது அமெரிக்கப் பதிப்பு.

அமெரிக்காவில் மூன்று பதிப்பகங்கள் இதை வேண்டாம் என்றன. நாலாவதாக மேக்மில்லன் எடுத்து 1954 மார்ச்சில் போட்டது. அந்த ஆண்டு முழுக்க விற்றது ஏறக்குறைய 4,000 பிரதிகள். லண்டனில் ஒரு மாதத்தில் போனது, அவ்வளவு பெரிய நாட்டில் ஒரு வருஷம் இழுத்தது. மறுவருஷம் பாப்புலர் லைப்ரரி இதைப் பேப்பர்பேக்காகக் கொண்டுவந்தபோது, தலைப்புதான் கோளாறு என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஃப்ளெமிங் வேறு இரண்டு தலைப்புகள் எழுதிக் கொடுத்தார். இரண்டையும் ஒதுக்கிவிட்டு அவர்களே வைத்த பெயர் 'யூ ஆஸ்க்ட் ஃபார் இட்'. நம் பேச்சில் சொன்னால், 'கேட்டு வாங்கிக்கிட்டே'. அது போதாதென்று பின்னட்டையில் நம்மாளை ஜிம்மி பாண்ட் ஆக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு சிபிஎஸ் தொலைக்காட்சி இந்தக் கதையை ஒரு மணிநேர நாடகமாகப் போட்டபோதும் அவர் ஜிம்மிதான், அதுவும் அமெரிக்கர். அந்த உரிமைக்கு ஃப்ளெமிங்குக்குக் கிடைத்தது ஆயிரம் டாலர். இவ்வளவு செய்தும் புத்தகம் விற்கவில்லை.

இந்த ஜிம்மி பாண்ட் பேப்பர்பேக் இன்று சேகரிப்பாளர்களுக்கு ஒரு வேடிக்கைப் பொருள். வீட்டுக்கு வருபவர்களிடம் எடுத்துக் காட்டிச் சிரிக்கலாம். ஆனால் படிப்பதற்கு என்று வாங்காதீர்கள். மட்டமான தாள், முழுசாகப் பிரித்தால் முதுகு விட்டுவிடும். பாதி நாவல் கையிலும் பாதி மடியிலும் இருக்கும்.

அமெரிக்கா பாண்ட் பக்கம் திரும்பியது 1961 மார்ச்சில். லைஃப் பத்திரிகை, அதிபர் கென்னடிக்குப் பிடித்த பத்துப் புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் ஃப்ளெமிங்கின் ஐந்தாவது நாவல் இருந்தது. அதன் பிறகு சிக்னெட் பதிப்பகத்தின் பேப்பர்பேக்குகள் மூட்டை மூட்டையாகப் போயின. எண்ணிக்கை அதிகம் என்பதால் சிக்னெட் இன்றும் மலிவு. எனக்கு அதன் எழுத்துரு நெருக்கம் ஒத்துவராது, அதனால் தாண்டிப் போகிறேன்.

என் மனசு இருப்பது பான் என்ற பதிப்பகம் போட்ட பதிப்பில். 1955-ல் இங்கிலாந்தில் முதல் பேப்பர்பேக்காக வந்தது அதுதான். என்னிடம் இருப்பது அறுபதுகளின் ஓர் அச்சு. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையல் குறிப்பு ஒன்றுக்கும் பழைய வங்கித் தேர்வுக் கையேட்டுக்கும் நடுவில் கிடந்தது. மேல் மூலையில் இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று விலை. முதல் பக்கத்தில் யாரோ மசிப்பேனாவில் கையெழுத்துப் போட்டு, அதை இன்னொருவர் அடித்திருக்கிறார். எட்டாம் அத்தியாயத்திலிருந்து பத்தாம் அத்தியாயம்வரை இராமபாணப் பூச்சி ஒரே நேர்கோட்டில் துளை போட்டிருக்கிறது, பாண்ட் சாப்பிட்ட இரவுச் சாப்பாட்டில் பங்கு கேட்டதுபோல. சட்டைப் பையில் அடங்கும் அளவு. ரயிலில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு படிக்கலாம்.

பான் அட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். ஐம்பதுகளின் அட்டைகள் வண்ண ஓவியங்கள், கதையில் வரும் ஏதோ ஒரு காட்சி. படங்கள் வரத் தொடங்கிய அறுபதுகளில் ரேமண்ட் ஹாக்கி என்ற வடிவமைப்பாளர் கைக்கு வேலை போனது. ஒரு நாவலின் அட்டையில் உண்மையாகவே இரண்டு குண்டுத் துளைகளை வெட்டிவைத்தவர் அவர். அவர் காலத்தில்தான் ஜேம்ஸ் பாண்ட் என்ற பெயர் நாவலின் தலைப்பைவிடப் பெரிதாக அட்டையில் ஏறியது. 1953-ல் யாருக்கும் தெரியாத ஒரு பெயர், பத்தே வருஷத்தில் தலைப்பை ஓரங்கட்டிவிட்டது. எனக்கு ஓவிய அட்டைகள்தான் உசத்தி, இது வெறும் ருசிபேதம்.

பான் வாங்குவதானால் நேரில் பார்த்து வாங்குங்கள். முதுகை லேசாக வளைத்துப் பாருங்கள். பசை பொடிந்து நொறுநொறுவென்று சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். தூசி, பூஞ்சை ஒத்துக்கொள்ளாதவர்கள் பழையது பக்கமே போக வேண்டாம். தங்கை மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே தும்மல்.

ஆக, அவனுக்கு மிச்சமிருந்தது இன்றைய புதுப் பதிப்புகள். இந்த நூற்றாண்டில் உரிமை பெங்குவினுக்கு வந்தது, 2012-ல் விண்டேஜுக்குப் போனது. 2023-ல் குடும்ப நிறுவனமான இயன் ஃப்ளெமிங் பப்ளிகேஷன்ஸ் தானே அச்சிட இறங்கியது. முதல் நாவலான இதற்கு எழுபது வயது முடிந்த அதே ஏப்ரலில் முழு வரிசையும் புது அட்டையோடு வந்தது. இடையில் 2015-ல் ஃபோலியோ சொசைட்டி, ஃபே டால்டனின் ஓவியங்களோடு ஒரு கெட்டி அட்டைப் பதிப்பு போட்டது. யாருக்காவது பரிசு கொடுக்க வேண்டுமென்றால் அதைத்தான் சொல்வேன். ஓவியங்களில் அந்தக் காலத்துச் சூதாட்ட விடுதியின் மஞ்சள் வெளிச்சம் அப்படியே இருக்கிறது.

2023 பதிப்பைப் பற்றி அப்போது ஒரே ரகளை. நாவல்களில் இருந்த இன இழிவுச் சொற்கள் சிலவற்றை நீக்கியும் மாற்றியும் இருப்பதாகச் செய்தி வந்தது. திருத்திவிட்டார்கள், கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு பக்கம். இவ்வளவு நாள் ஏன் விட்டுவைத்தீர்கள் என்று இன்னொரு பக்கம். அவனும் அதை எங்கேயோ படித்திருக்கிறான். "அது வெட்டின பதிப்பாமே மாமா?" என்றான். கேசினோ ராயலைப் பொறுத்தவரை அந்தக் கவலையே வேண்டாம். இந்த நாவலில் எதையும் மாற்றவில்லை என்று பதிப்பகமே பெயர் சொல்லித் தெரிவித்திருக்கிறது. 2012 விண்டேஜுக்கும் 2023-க்கும் நடுவில் தேர்ந்தெடுக்க அட்டையையும் எழுத்தின் அளவையும் பார்த்தால் போதும்.

கத்தரி முக்கியமாக விழுந்தது இரண்டாவது நாவலான 'லிவ் அண்ட் லெட் டை'யில். அதிலும் ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. அந்த நாவலில் முதலில் கத்தரி வைத்தது 1955-ல், ஃப்ளெமிங் உயிரோடு இருந்தபோதே. அமெரிக்கப் பதிப்பாசிரியர் சில இடங்களை மாற்றக் கேட்டார், இவரும் சரி என்றார். ஐந்தாம் அத்தியாயத்துக்கு லண்டன் பதிப்பில் கறுப்பின மக்களை இழிவாகக் குறிக்கும் ஒரு தலைப்பு. அமெரிக்காவில் அது 'செவன்த் அவென்யூ' என்று ஒரு தெருப் பெயராக மாறியது. ஃப்ளெமிங் ஒத்துக்கொண்ட அந்த மாற்றங்களைத்தான் முன்மாதிரியாக வைத்துக்கொண்டோம் என்று 2023-ல் சொன்னார்கள். ஆகவே எது அசல் என்று கேட்டால், அந்த நாவலுக்கு ஆசிரியர் சம்மதித்த அசல்கள் இரண்டு. என் கட்சி, 1954-ல் லண்டனில் வந்ததை அப்படியே அச்சிட்டு, முன்னால் இரண்டு பக்கம் விளக்கம் எழுதியிருக்கலாம் என்பதுதான். அவர் காலத்து ஆங்கிலேயர் நியூயார்க்கின் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமை எப்படிப் பார்த்தார் என்பதும் அந்த நாவலின் சேதி. அதைத் துடைத்துவிட்டால் ஃப்ளெமிங் உள்ளதைவிட நல்ல மனிதராகத் தெரிவார், நமக்கு அது தேவையில்லை.

கடைசியாக ஒரு வாய்ப்பு, நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதாகக் கிடைத்தது. ஃப்ளெமிங் இறந்தது 1964 ஆகஸ்ட் 12. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை. முன்பு 50-தான். தாகூரின் எழுத்துகள் பொதுவுக்கு வரும் நேரம் பார்த்து 1992-ல் பத்து ஆண்டு கூட்டினார்கள். அந்தக் கணக்கில் 2025 ஜனவரி 1 முதல் ஃப்ளெமிங் இந்தியாவில் பொதுச்சொத்து. பிரிட்டனில் 70 ஆண்டு என்பதால் அங்கே 2034 கடைசிவரை குடும்பத்தின் கையில்தான். அமெரிக்காவில் இந்த நாவலுக்கு 2048 கடைசிவரை. கனடாவில் 2015-லேயே விடுதலை.

அதனால் இங்கே யார் வேண்டுமானாலும் நாவலை அச்சிட்டு விற்கலாம். மொழிபெயர்க்கவும் குடும்பத்திடம் போய் நிற்க வேண்டாம். பாண்ட் பெயரையும் 007 முத்திரையையும் சரக்குகளில் போட்டு வியாபாரம் செய்வது வேறு விஷயம், வணிக முத்திரைச் சட்டம் தனி. ராணி காமிக்ஸில் பாண்டைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நான். முழு நாவலைத் தமிழில் யாராவது ஒழுங்காகக் கொண்டுவந்தால் முதல் பிரதி எனக்குத்தான்.

ஆனால் பொதுச்சொத்து ஆன புத்தகத்தில் ஒரு தொல்லை உண்டு. பழைய பிரதியை ஸ்கேன் செய்து, கணினி படித்ததை மெய்ப்புப் பார்க்காமல் அப்படியே அச்சுக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த நாவலில் அதைக் கண்டுபிடிப்பது சுலபம். வில்லனின் பெயர் லெ ஷிஃப்ர், ஊரின் பெயர் ரோயால்-லெ-ஸோ, மேசையில் பேசுவதெல்லாம் பிரெஞ்சு. சீட்டாட்ட அத்தியாயம் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். சிறிய எல் எழுத்து வர வேண்டிய இடத்தில் ஒன்று என்ற எண் நின்றால், பிரெஞ்சு எழுத்துகளின் தலைக்கு மேல் இருக்க வேண்டிய கோடுகள் உதிர்ந்திருந்தால், வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். விலை குறைவு என்று நானும் ஒருமுறை வேறொரு நாவலை இப்படி வாங்கினேன். 112-ஆம் பக்கத்துக்கு அடுத்து மறுபடி 97. கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார்.

இன்னொன்றும் அவனிடம் சொல்லிவைத்தேன். படத்தில் ஆடுவது போக்கர், நாவலில் பக்கரா. சீட்டுகளைக் கூட்டி வரும் எண்ணில் கடைசி இலக்கம்தான் கணக்கு. ஒன்பதுக்கு மேல் ஒன்றுமில்லை. இதற்காக விளக்கக் குறிப்புள்ள பதிப்பு தேடி அலைய வேண்டாம். சாப்பாட்டு மேசையில் கதாநாயகி வெஸ்பருக்கு பாண்டே ஆட்டத்தை விளக்கிவிடுவார், அதில் நமக்கும் புரிந்துவிடும்.

கடைசியில் அவன் வாங்கியது 2023 பேப்பர்பேக். எழுத்து பெரிது, தும்மல் வராது, அவன் பட்ஜெட்டுக்குள் அடங்கியது. ஒரு வாரத்தில் முடித்துவிட்டு, "அடுத்தது இதே செட்டுல வாங்கிடட்டுமா மாமா?" என்று செய்தி அனுப்பினான். இரண்டாவதுக்கு மட்டும் கொஞ்சம் பொறு, 2023-க்கு முந்தைய லண்டன் பதிப்பு எதுவானாலும் சரி, பழைய விண்டேஜ் கிடைத்தால் எடு என்று பதில் போட்டேன். வர ஞாயிறு காலை பாரதி சாலைக்கு வருகிறானாம். முகக்கவசத்தோடு.